பல்லும் சொல்லும்

பற்களைப் பற்றி எழுதப் புகுந்த என்னைக் கண்டு நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைப்பதற்கும் பல்லே வேண்டும் என்பதை அவர்கட்கு முதற்கண் நினைவூட்டுகிறேன். எயிறு என்றும், முறுவல் என்றும், மூரல் என்றும் பல்லுக்கும் அதன் ஒளிக்கும் நம் முன்னோர் பெயர் பல இட்டு மகிழ்ந்தனர். முத்தென்றும் முல்லையரும்பென்றும் உவமை கூறினர். ஆயின் அம்முத்துச் சொத்தையானால் என் செய்வது என்பதை யான் கற்ற நூல் எதுவும் கற்பிக்கவில்லை. அதனைக் கற்பித்தது என் கீழ்வரிசையில் வலப்பக்கத்துக் கடைவாய்ப்பல் ஒன்று.

யான் சேலையூர் விடுதிக்கு வந்த இரண்டாம் ஆண்டின் ஆடி மாதத்தில் அப்பல் தன் இருப்பை எனக்கு முதன்முதல் உணர்த்திற்று. குளிர்ந்த நீர் பட்டால் ஒரு கூச்சம்; இனிப்பு உண்டால் ஒரு சுருக்கு; அவ்வளவே. அன்றே சென்று காட்டியிருந்தால் ஒரே அமர்வில் குழியை அடைத்து அனுப்பியிருப்பர். யானோ இடப்பக்கமாக மென்று காலங்கழித்தேன். ஆவணியில் சுடு காப்பியும் பகையாயிற்று. இரவில் படுக்கையிற் சாய்ந்தவுடன் பல்லுக்குள் ஒரு நாடி துடிக்கத் தொடங்கும். நண்பர் ஒருவர் கிராம்பு கொணர்ந்தார்; மற்றொருவர் வலி மாத்திரையைப் பொடித்து ஈறின்மேல் வைக்கச் சொன்னார். அங்ஙனம் வைத்ததால் ஈறு வெந்து புண்ணாயிற்றேயன்றி வேறு பயன் விளையவில்லை. வேதாகமத்திற் பற்கடிப்பு என்னும் சொல்லை அந்நாட்களில் வாசித்தபோது அதன் பொருள் எனக்கு உரையின்றியே விளங்கிற்று.

மருத்துவரிடம் ஏன் செல்லவில்லை என்று கேட்பீர்கள். காரணம் என் பாட்டியார். அவர் நாசரேத்தில் வாழ்பவர். அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது, பல் பிடுங்குபவர் ஒருவர் அவரைத் திண்ணையில் உட்காரவைத்து, மரப்பு ஊசி ஏதுமின்றிக் குறட்டாற் பல்லைப் பிடுங்கினாராம். தமையன்மார் இருவர் ஆளுக்கொரு கையை இறுகப் பிடித்துக்கொண்டனராம். அன்றுமுதல் அவர் எந்தப் பல் மருத்துவர் முன்னும் வாய் திறந்ததில்லை. பற்கள் ஒவ்வொன்றாய் ஆடின, உடைந்தன, விழுந்தன. அக்கதையைச் சிறுவயதில் அவர் மடியிற் படுத்துக்கொண்டு எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அன்போடு ஊட்டிய சோற்றோடு அச்சமும் கலந்து என்னுள் இறங்கிவிட்டது.

புரட்டாசியில் ஒரு நாள் வலி தானே நின்றது. கிராம்பின் பெருமையை விடுதி முழுவதும் பரப்பினேன். நண்பர்காள்! வலி நின்றதேயன்றி நோய் நிற்கவில்லை. பல்லின் நடுவே உயிருள்ள சதை ஒன்று உண்டு. நரம்பும் குருதி நாளமும் அதனுள் ஓடுகின்றன. நோய் அதனை எட்டும்போது பல் கதறுகிறது. அது செத்தொழிந்தபின் கதறுவதற்கு ஆளில்லை. அந்த அமைதியைக் குணமென்று கொண்டு யான் இறைவனுக்கு நன்றியும் கூறினேன். ஆறு வாரங்கட்குப் பின்னர், தொல்காப்பிய எழுத்ததிகாரத் தேர்வுக்கு முந்திய இரவில், என் கன்னம் வீங்கிக் காய்ச்சலும் கண்டது.

“தேர்வு மறுபடியும் வரும், இது காத்திராது,” என்றார் என் அறைத் தோழர். மறுநாட்காலை மற்றவர்கள் தேர்வுக்கூடம் செல்ல, நாங்கள் இருவரும் தாம்பரம் நிலையத்தில் மின்சார வண்டி ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினோம். அதற்கு எதிரே இருப்பது அரசினர் பல் மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும். 1953-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தோன்றி, பின்னர்த் தனிக் கல்லூரியாக வளர்ந்தது அது. அங்கே ஆசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்களும் சிகிச்சை செய்கின்றனர். என்னைக் கவனிக்க வந்தவர் என்னினும் நான்கைந்து ஆண்டே மூத்த பயிற்சி மருத்துவர். என் கை நாற்காலியின் பிடியை இறுகப் பற்றியிருப்பதை அவர் கண்டார்.

“தம்பி, எதைச் செய்வதானாலும் செய்யுமுன் சொல்லிவிடுவேன். வலித்தால் இடக்கையைத் தூக்குங்கள், அப்போதே நிறுத்திவிடுவேன்,” என்றார்.

அச்சொற்களே எனக்கு முதல் மருந்தாயின. யான் அஞ்சியது ஊசிக்கு அன்று. அடுத்து என்ன நிகழும் என்று அறியாமைக்கே என்பதை அந்நாற்காலியில் உணர்ந்தேன்.

சிறு கண்ணாடியாலும் கூரிய கம்பியாலும் பற்களை அவர் ஆராய்ந்தார். எக்ஸ்-கதிர்ப் படம் ஒன்று எடுத்துக் காட்டினார். பல்லுக்கு மூன்று அடுக்குகள் உண்டு: மேலே வெண்மையும் வன்மையும் உடைய எனாமல், அதன்கீழ்ச் சற்று மென்மையான தந்தம், நடுவே உயிர்ச்சதை. நோய் முதலிரண்டு அடுக்குகளில் நின்றால், அழுகிய பகுதியைக் குடைந்து நீக்கி, பல்லின் நிறமுள்ள பசையை இட்டு, நீல ஒளியால் இறுக்கிவிடுவர். அதன்பின் சில நாள் சிறிது கூச்சம் இருக்கலாம். உயிர்ச்சதையை எட்டிவிட்டால் இரண்டே வழிகள்: வேர்க்குழாய்ச் சிகிச்சை செய்து பல்லைக் காப்பது, அல்லது பிடுங்குவது. பிடுங்குதல் எளிது, செலவும் குறைவு. ஆயின் நாளடைவில் பக்கத்துப் பற்கள் வெற்றிடத்தை நோக்கிச் சாயும், எதிர்ப்பல் நீளும். காப்பதற்கோ இரண்டு மூன்று வருகைகள் வேண்டும். பின்னர்ப் பல் வெடியாதிருக்க மேலுறையும் வேண்டும். அதற்குச் செலவு உண்டு. “முடிவு உங்களுடையது,” என்று அவர் நிறுத்திக்கொண்டார். தை மாதப் புத்தகக் கண்காட்சிக்கென யான் சேர்த்துவைத்திருந்த பணம் என் கண்முன் வந்து நின்றது. பல்லைக் காப்பது என்று துணிந்தேன்.

ஊசி ஒரு கட்டெறும்பின் கடி, அவ்வளவே. சில நிமிடங்களில் உதட்டின் பாதியும் நாவின் பாதியும் என்னுடையன அல்லவாயின. ஆயினும் சீழ் கட்டிய இடத்தில் மரப்பு மருந்து முழு ஆற்றலோடு வேலை செய்வதில்லையாம். ஒருமுறை கையைத் தூக்கினேன், அவர் நிறுத்தினார், மேலும் சிறிது மருந்து செலுத்திக் காத்திருந்து பின்னர்த் தொடர்ந்தார். அஞ்சிக் காலந்தாழ்த்துவோர்க்கே வலி மிகுதி என்பது எத்துணை முரண்! பல்லைத் திறந்ததும் உள்ளிருந்த அழுத்தம் தணிந்தது. காய்ச்சல் இருந்தமையால் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளும் தந்தார். மாத்திரை மட்டும் போதாது, நோயின் ஊற்று பல்லுக்குள்ளே இருக்கிறது என்றும் எச்சரித்தார். வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, விழுங்கவும் மூச்சுவிடவும் இடர் தோன்றினாலோ, விடியும்வரைகூடக் காத்திராது மருத்துவமனைக்கு ஓடிவரவேண்டும் என்றார். அடுத்த இரு வருகைகளில் மெல்லிய அரங்களால் வேர்க்குழாய்களைத் துப்புரவாக்கி, மலாய் நாட்டு மரப்பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபெர்ச்சா என்னும் பொருளால் அடைத்தார். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாட்கள் கடிக்கும்போது நோவு இருந்தது. பின்னர் அதுவும் மறைந்தது.

முதல் நாள் எழுந்து, “நன்றி, வருகிறேன்,” என்று சொல்ல முயன்றேன். நாவும் உதடும் ஒத்துழைக்கவில்லை; சொற்கள் குழைந்து விழுந்தன. மருத்துவர் சிரித்து, “மூன்று மணி நேரத்தில் சரியாகிவிடும், அதுவரை சூடாக எதுவும் அருந்தாதீர்கள், உதட்டைக் கடித்துக்கொள்ளாதீர்கள்,” என்றார். திரும்பும் வண்டியில் எழுதாத தேர்வு என் நினைவுக்கு வந்தது. எழுத்துகள் பிறக்கும் எட்டிடங்களுள் பல்லையும் ஒன்றாகத் தொல்காப்பியர் பிறப்பியலில் எண்ணினார். தகரமும் நகரமும் பிறக்க நாநுனி மேற்பல்லின் அடியைத் தொடவேண்டும்; வகரம் பிறக்க மேற்பல்லும் கீழுதடும் கூடவேண்டும். இதனை நெட்டுருப் போட்டிருந்த எனக்கு, நன்றியின் நகரமும் வருகிறேனின் வகரமும் தடுமாறிய பிறகே பொருள் விளங்கிற்று. உடனே பாட்டியாரின் முகம் தோன்றியது. எங்கள் வீட்டு மாலை ஜெபத்தில் சங்கீதம் வாசிப்பவர் அவரே. முன்பற்கள் விழுந்தபின் சொற்கள் காற்றாய்ப் போகின்றன என்று வெட்கி, நான்கு ஆண்டுகளாக வாசிப்பதை விட்டுவிட்டார். எனக்கு மூன்று மணி நேரம் நேர்ந்தது அவருக்கு நான்கு ஆண்டுகளாக நேர்ந்திருந்தது. இதனை அதுவரை நாங்கள் ஒருவரும் நோயாகக் கருதியதில்லை; முதுமை என்று சொல்லிக் கடந்துவிட்டோம்.

மரத்துப்போகும் வரம் மனிதர்க்கு எப்போது கிட்டியது என்று தேடிப் படித்தேன். 1844-ஆம் ஆண்டு அமெரிக்கப் பல் மருத்துவர் ஓரேஸ் வெல்ஸ், சிரிப்பு வாயுவைத் தாமே முகர்ந்து தம் பல்லையே பிடுங்கச் செய்து சோதித்தார். 1846-இல் மார்ட்டன் என்னும் மற்றொரு பல் மருத்துவர் பாஸ்டன் நகரில் ஈதரின் பயனைப் பலரறியக் காட்டினார். இன்று பெரிதும் வழங்கும் லிக்னோகெய்ன் மருந்தைச் சுவீடன் நாட்டு வேதியியலார் லோஃப்கிரென் உருவாக்கியது 1943-ஆம் ஆண்டில். பாட்டியார் பிறக்குமுன்பே மருந்து பிறந்துவிட்டது. அவர் அமர்ந்திருந்த திண்ணைக்கு அது வந்து சேரவில்லை.

என் சிகிச்சை முடிந்தபின் எங்கள் அறை பல் நோயாளர்களின் ஆலோசனை மன்றமாயிற்று. ஒருவர் பற்களைச் சுத்தம் செய்துகொள்ள அஞ்சினார். செய்தால் பற்கள் ஆடும் என்று யாரோ சொன்னார்களாம். உண்மையில் பற்களை ஆட்டுவது, ஈறையும் எலும்பையும் அரிக்கும் பற்காரையைச் சுற்றியுள்ள நோயே. காரை நீங்கியபின் இடைவெளி தெரிவதும், சில நாள் கூசுவதும், ஈறில் சிறிது குருதி கசிவதும் இயல்பு. மற்றொருவர் கோணி முளைத்த ஞானப்பல்லைப் பிடுங்கிக்கொண்டார். மரத்த இடத்தில் அழுத்தம் தெரியும், வலி தெரியாது என்று அவருக்கு முன்கூட்டியே சொன்னேன். பிடுங்கிய இடத்தில் வைத்த பஞ்சை அரைமணி முதல் ஒரு மணி நேரம்வரை கடித்திருக்கவேண்டும். குழியில் உறையும் குருதியே புண்ணுக்குக் காவல். ஆதலால் அன்று முழுதும் கொப்பளித்தலும், வேகமாய்த் துப்புதலும், உறிஞ்சிக் குடித்தலும், புகைத்தலும் ஆகா. மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புநீரால் மெல்லக் கொப்பளிக்கலாம். இரண்டு மூன்று நாட்கட்குப் பின் வலி குறையாது மிகுந்தால் மருத்துவரிடம் திரும்பவேண்டும்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஊர் சென்றேன். பாட்டியாரிடம் என் கதை முழுவதையும் கூறினேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, பின்னர், “ஐயா, நான் கையைத் தூக்கினால் மெய்யாகவே நிறுத்துவாரா?” என்று ஒன்றை மட்டுமே கேட்டார்.

தூத்துக்குடியில் ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். பாட்டியாரின் சர்க்கரையளவையும் இரத்த அழுத்தத்தையும் அவர் முதலிற் பார்த்தார். உண்ணும் மருந்துகளைக் கேட்டறிந்தார். எஞ்சிய வேர்களை நீக்கவேண்டும் என்று சொல்லி, ஊசி போட்டுக் குறட்டை எடுத்தார். பாட்டியார் உடனே கையைத் தூக்கினார். மருத்துவர் குறட்டைக் கீழே வைத்தார். “வலிக்கிறதா, அம்மா?” என்றார். “இல்லை, பார்த்தேன்,” என்றார் பாட்டியார். அதன்பின் அக்கை ஒருமுறையும் எழவில்லை. பன்னிரண்டு வயதில் இருவர் பிடித்து வைத்திருந்த கை அது.

ஈறுகள் ஆறும்வரை சில மாதம் காத்திருந்து, அளவெடுத்துப் பல் செட்டு செய்தனர். முதல் வாரங்களில் அது வாயில் அயலாய்க் கிடக்கும்; உமிழ்நீர் பெருகும்; ஓரிடத்தில் உரசிப் புண்ணாகும்; சென்று தேய்த்துச் சரிசெய்துகொள்ளவேண்டும். மென்மையான உணவைச் சிறுசிறு துண்டாக இருபுறமும் மெல்லவேண்டும். இரவில் கழற்றித் தூய்மை செய்து நீரில் இடவேண்டும். உரக்கப் படித்துப் பேச்சைப் பழக்கவேண்டும். இவற்றையெல்லாம் மருத்துவர் முன்னரே சொல்லிவிட்டமையால், பாட்டியார் அதனை அலமாரியில் வைத்துவிடாமல் பொறுத்துப் பழகினார்.

கோடை விடுமுறையில் ஒரு மாலை ஜெபவேளையில் அப்பா வழக்கம்போல் வேதாகமத்தை எடுத்தார். பாட்டியார் கையை நீட்டினார். சங்கீதம் ஒன்றைத் திறந்து மெல்ல வாசிக்கத் தொடங்கினார். இரண்டாம் வசனத்தில் செட்டு நழுவியது. நிறுத்திச் சரிசெய்துகொண்டு அவ்வசனத்தை முதலிலிருந்து மறுபடி வாசித்தார். தகரமும் நகரமும் தத்தம் இடத்திற் பிறந்தன. வகரத்திற்கு மட்டும் சற்று முயன்றார், அதுவும் வந்தது. வீட்டில் ஒருவரும் பேசவில்லை.

தவறவிட்ட தேர்வை அடுத்த பருவத்தில் எழுதினேன். பிறப்பியலிலிருந்தும் ஒரு வினா வந்திருந்தது. எழுதிக்கொண்டே இருந்தேன், காகிதம் போதவில்லை. மேலுறை இட்ட பல்லும் நலமாய் இருக்கிறது. நண்பர்காள்! உங்கள் பல்லில் இன்று ஒரு சிறு கூச்சம் இருக்குமாயின், இக்கட்டுரையை மூடிவைத்துவிட்டு நாளையே சென்று காட்டுங்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்று மருத்துவரை முதலிற் கேளுங்கள். உங்கள் வீட்டு முதியவர் யாரேனும் இப்போதெல்லாம் குறைவாகப் பேசுகிறாராயின், அவரையும் உடனழைத்துச் செல்லுங்கள்.