பழைய டீசல் காருக்கு ரிட்டர்ன் ஓஸ்

டீசல் எஞ்சினில் பம்ப் அனுப்பும் எண்ணெய் முழுவதும் எரிந்துவிடுவதில்லை. நாசிலுக்குள் ஏறி இறங்கும் ஊசிக்கும் அதைத் தாங்கும் உடலுக்கும் நடுவே 2 அல்லது 3 மைக்ரான் இடைவெளி இருக்கிறது. அந்த இடுக்கில் கசியும் டீசல்தான் ஊசிக்கு மசகு. கசிந்தது நாசிலைப் பிடித்திருக்கும் ஹோல்டரின் தலைப்பக்கம் ஏறி, மெல்லிய குழாய்கள் வழியே டேங்குக்குத் திரும்பும். பம்பில் மிகுந்ததும் அதே வழியில் சேர்ந்துகொள்ளும். கோவைப் பட்டறைகளில் இதற்கு ரிட்டர்ன் ஓஸ், ஓவர்ஃப்ளோ பைப் என்று இரண்டு பெயரும் புழங்குகின்றன.

எல்லா வண்டியிலும் இது ரப்பர் அல்ல. அம்பாசிடரின் 1489 சிசி டீசல் எஞ்சினில் நாசில்களின் மேல் உலோகக் குழாய் ஓடும். பேஞ்சோ போல்ட்டும் காப்பர் வாஷரும் அதைப் பிடித்திருக்கும். அங்கே ஒழுகினால் மாற்ற வேண்டியது வாஷரை. கடை பூட்டியிருக்கும் நேரத்தில் பழைய வாஷரைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு மீண்டும் இளகிவிடும். மாருதி ஜென், எஸ்டீம் டீசல்களில் வந்த பெஜோ டியூடி5, டெம்போ டிராக்ஸின் ஓஎம்616 போன்றவற்றில் நிலைமை வேறு. நாசிலிலிருந்து நாசிலுக்குத் துண்டு துண்டாக, துணி பின்னிய சின்ன ரப்பர் ஓஸ் வெறுமனே செருகப்பட்டிருக்கும். சிக்கல் பெரும்பாலும் இந்தத் துண்டுகளில்தான்.

தில்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் தடை விதித்தது. தமிழ்நாட்டில் அப்படி இல்லை. 15 ஆண்டு முடிந்ததும் வண்டியைக் காட்டி, ஆர்.சி.யை ஐந்து ஐந்து ஆண்டாக நீட்டித்துக்கொள்ளலாம். பொள்ளாச்சித் தென்னந்தோப்பிலும் வால்பாறை மலைச்சாலையிலும் இந்தப் பழைய வண்டிகள் இன்னும் ஓட இதுவும் ஒரு காரணம். எஞ்சின் எத்தனை லட்சம் கிலோமீட்டர் தாங்கினாலும் ரப்பருக்குத் தனி ஆயுள் உண்டு.

கெட்டுப்போன ஓஸ் முதலில் சொட்டாது. துணிப் பின்னல் கறுத்து, ஈரம் பூத்து, அதன்மேல் செம்மண் தூசு அப்பிக்கொள்ளும். பின்னலுக்கு உள்ளே ரப்பர் வெடித்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பின்னல் நனைந்திருந்தால் ரப்பர் போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஊட்டிக் குளிரில் காலையில் ஒழுகி, எஞ்சின் சூடேறியதும் நின்றுவிடும் கசிவு இன்னொரு அடையாளம். இறுகிப்போன ரப்பர் குளிரில் சுருங்கிப் பிடியை விடுகிறது. சூட்டில் மறுபடி பிடித்துக்கொள்கிறது.

கசிவு வெளியே மட்டும் நடப்பதல்ல. வண்டி நிற்கும்போது அதே வெடிப்பு வழியே காற்று உள்ளே போகும். ரோட்டரி பம்ப் உள்ள கார்களில் பம்பிலிருக்கும் டீசல் இரவோடு இரவாக டேங்குக்கு இறங்கிவிட, காலையில் செல்ஃப் நீளமாகச் சுற்றும். பேட்டரி, குளோ பிளக், பம்ப் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுச் செலவழித்த பிறகே பலர் இந்தச் சின்ன ஓஸுக்கு வருகிறார்கள். முன்பக்கம் மேடாக ஓர் இரவு நிறுத்திப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்: சமதளத்தில் உடனே பிடிக்கிற வண்டி மேட்டில் அடம் பிடித்தால் எங்கோ காற்று இழுக்கிறது. நாசிலிலிருந்து சொட்டும் டீசல் கீழே இருக்கும் ரேடியேட்டர் ஓஸையும் எஞ்சின் மவுண்டிங் ரப்பரையும் உப்ப வைத்துக் கெடுப்பது தனிச் செலவு.

ஓஸ் வாங்கும் இடத்தில் நடக்கும் தவறு ஒன்றுதான், ஆனால் பல வடிவில் வரும். “ஏனுங்கண்ணா, நல்ல தடியாப் பார்த்து ஒரு மீட்டர் குடுங்க” என்பது நஞ்சப்பா சாலை ஸ்பேர் கடைகளில் அன்றாடம் கேட்கும் பேச்சு. ரிட்டர்ன் லைனுக்குத் தடிமன் தேவையே இல்லை. இந்த வகைப் பழைய எஞ்சின்களில் நாசில் திறக்கும் அழுத்தம் 100 முதல் 150 பார் வரை இருந்தாலும், திரும்பும் பக்கத்தில் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அங்கே ஓஸ் தாங்க வேண்டியவை டீசலும் சூடும் மட்டுமே. பார்க்க வேண்டியது ரப்பரின் இனம், அடுத்தது உள்விட்டம்.

இனத்தில் கழித்துக்கட்ட வேண்டியவை அதிகம். ரேடியேட்டர் ஓஸ் செய்யும் ஈபிடிஎம் ரப்பர் தண்ணீருக்கும் நீராவிக்கும் அருமையானது. டீசல் பட்டால் உப்பிக் கூழாகும். சிலிகான் ஓஸ் பளபளப்பாக, விலையும் கூடுதலாக இருப்பதால் நல்லது போலத் தோன்றும். அதுவும் எரிபொருளுக்கு ஆகாது. நைட்ரைல் ரப்பர் சுமார் 100 டிகிரி வரை தாங்கும், டீசலுக்கு ஒத்துவரும். ஆனால் காற்றிலுள்ள ஓசோனில் வெடிக்கும் என்பதால் மேலே நியோப்ரீன் போன்ற உறை வேண்டும். வைட்டான் என்று கடையில் சொல்லும் ஃபுளோரோ ரப்பர் 200 டிகிரியைத் தொட்டாலும் அசையாது. விலை பல மடங்கு. ஆனால் நாலு நாசிலுக்கும் தேவைப்படுவது ஒரு மீட்டருக்குள்தான் என்பதால், கிடைக்கும்போது வைட்டானை வாங்கிவிடுவதே கணக்குக்குச் சரி.

கோவை தொழில் நகரம் என்பதே இதில் ஒரு தொல்லை. மில்லுக்கும் கம்ப்ரசருக்கும் விற்கும் நீல நிற பியூ டியூப் எங்கும் கிடைக்கிறது. எஞ்சின் சூட்டில் இளகி நாசிலை விட்டு நழுவுகிறது. தோப்பு வண்டிகளில் சொட்டுநீர்ப் பாசன மைக்ரோ டியூபே ரிட்டர்ன் ஓஸாக மாறியிருக்கும். வெயிலுக்குத் தாங்கும் அந்தப் பிளாஸ்டிக் சிலிண்டர் ஹெட்டின் மேல் தாங்காது. கண்ணாடிபோல உள்ளே தெரியும் பிவிசி டியூப் சில மாதங்களில் மஞ்சளித்து விறைத்துப்போகும். காற்றுக் குமிழி ஓடுகிறதா என்று பார்க்க ஒரு நாள் மாட்டிக் கழற்றுவதற்கு மட்டும் அது உதவும். திருச்செங்கோட்டு போர்வெல் லாரிகளுக்கு அடிக்கும் ஹைட்ராலிக் ஓஸின் உள்ரப்பர் எண்ணெய்க்கு உகந்ததுதான். ஆனால் உள்ளே கம்பி இருப்பதால் வளையாது, அதன் எடையே நாசில் முனையை இழுத்து உடைத்துவிடும்.

எழுத்தில்லாத ஓஸை வாங்குவதைத் தவிர்ப்பது நல்லது. எஸ்ஏஇ ஜே30 என்ற தரத்துக்குள் ஆர்7 என்று அச்சிட்டது குறைந்த அழுத்த எரிபொருளுக்கு, ஆர்9 என்றால் உட்புறம் ஃபுளோரோ ரப்பர். துணி பின்னிய ஜெர்மன் வகை ஓஸில் டிஐஎன் 73379 என்றிருக்கும். எழுத்தில் நம்பிக்கை வராவிட்டால் ஒரு துண்டை நறுக்கி ஒரு வாரம் டீசலில் போட்டுவைத்து, நனையாத துண்டோடு ஒப்பிடலாம். தவறான ரப்பர் அதற்குள் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

டீசலும் முன்பிருந்ததல்ல. நாடு முழுதும் 2017 ஏப்ரலில் கந்தகம் 50 பிபிஎம்முக்கும், 2020 ஏப்ரலில் 10 பிபிஎம்முக்கும் இறங்கியது. கந்தகத்தை எடுக்கும் சுத்திகரிப்பில் நறுமணச் சேர்மங்களும் ஓரளவு குறையும். பழைய டீசலில் அவற்றைக் குடித்து உப்பி, அந்த உப்பலாலேயே அடைத்துக்கொண்டிருந்த நைட்ரைல் ரப்பர் இப்போது சுருங்குகிறது. அமெரிக்காவில் 1993-ல் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோது பழைய வண்டிகள் ஒழுகத் தொடங்கியது இதனால்தான். பயோடீசல் கலப்பு கூடினால் நைட்ரைல் இன்னும் சீக்கிரம் கெடும். 2018-ன் தேசியக் கொள்கை 2030-க்குள் 5 விழுக்காட்டை இலக்காக வைத்திருக்கிறது. வைட்டான் பக்கம் சாய இதுவும் ஒரு நியாயம்.

அளவை எடுக்க வேண்டியது பழைய ஓஸிலிருந்து அல்ல, நாசில் முனையிலிருந்து. பழையது அகன்றிருக்கும், அதைப் பார்த்து வாங்கினால் புதியதும் தொளதொளக்கும். வெர்னியரில் முனையை அளந்து, அதைவிடச் சற்றுக் குறைந்த உள்விட்டம் எடுக்க வேண்டும். நாசில்களுக்கு நடுவே 3.2 அல்லது 3.5 மில்லிமீட்டர் வழக்கம். அந்த 0.3 வித்தியாசம் அற்பமாகத் தெரிந்தாலும் ஒழுகுவதும் ஒழுகாததும் அதில்தான். டேங்குக்குப் போகும் லைனில் அங்குல அளவும் மில்லிமீட்டரும் கலந்து குழப்பும்: 5/16 அங்குலமும் 8 மில்லிமீட்டரும் கிட்டத்தட்ட ஒன்று, கால் அங்குலம் 6.35, அதை 6 என்று கொள்ள முடியாது.

கழற்றும்போது இழுக்கவோ முறுக்கவோ கூடாது. முனை உடைந்தால் ஹோல்டரையே மாற்ற வேண்டும். பிளேடால் ஓஸை நீளவாக்கில் கீறி உரிப்பதே வழி. முனையில் கீறல் விழாத அளவுக்கு மட்டும். புதியதைக் கட்டிங் பிளேயரால் நசுக்கி வெட்டாமல் பிளேடால் நேராக வெட்டி, டீசல் தொட்டுச் செருக வேண்டும். பின்னல் ஓஸுக்கு கிளாம்ப் தேவையில்லை. திருகு கிளாம்ப் போட்டு முடுக்கினால் அது ரப்பரைத்தான் அறுக்கும். கடைசி நாசிலின் மறுமுனையில் இருக்க வேண்டிய சின்ன ரப்பர் மூடி பல வண்டிகளில் காணாமல் போய், அங்கே ஒரு துண்டு ஓஸும் அதற்குள் ஒரு போல்ட்டும் இருக்கும். ஓஸ் மாற்றும்போது அதையும் மாற்றாவிட்டால் வேலை முடிந்ததாகாது.

பாஷ் விஇ வகை பம்ப் என்றால் இன்னொரு கவனம். ரிட்டர்ன் பக்க பேஞ்சோ போல்ட்டின் தலையில் அவுட் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அதற்குள் ஊசித் துளை ஒன்று உண்டு. உள்ளே வரும் பக்கத்துப் போல்ட்டோடு அது இடம் மாறினால் பம்பின் உள் அழுத்தம் குலைந்து, நல்ல பம்ப் சர்வீஸுக்குப் போய்ச் சேரும்.

புது ஓஸ் தானாகக் கழன்றுகொண்டே இருந்தால் ஓஸ் மேல் குற்றமில்லை. டேங்குக்குப் போகும் பாதை எங்கோ மடங்கியோ அடைத்தோ கிடக்கிறது. அந்த நேரத்தில் கிளாம்ப் போட்டு அடக்கினால் நாசில் தலையில் அழுத்தம் ஏறி எஞ்சின் ஓட்டமே கெடும். லைனைக் கழற்றி டேங்க் பக்கம் ஊதிப் பார்ப்பது முதல் வேலை.

இதெல்லாம் பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளுக்கு. காமன் ரெயில் கார்களில் திரும்பும் டீசலின் சூடு அதிகம். பியஸோ இன்ஜெக்டர் உள்ள சிலவற்றில் ரிட்டர்னிலேயே சுமார் 10 பார் அழுத்தம் வேண்டும். அவற்றுக்கு மீட்டர் கணக்கில் வெட்டும் ஓஸ் உதவாது, கம்பெனி அசெம்பிளியையே வாங்க வேண்டும். மற்ற வண்டிகளில் ஒரு துண்டு போனாலே எல்லாத் துண்டுகளையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். மீதியும் அதே வயதுதான்.