வாய் பேசாச் சாட்சிகள்

பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி தேடிப் பெற்றோர் அலைவது புதிதன்று. ஆனால், குதிரையேற்றம் கற்பிக்கும் பள்ளியைத் தேடி நாங்கள் அலைவோம் என்று எவரேனும் முன்னரே கூறியிருந்தால் நகைத்திருப்போம். கணவன், மனைவி இருவருமே ஆசிரியப் பணியில் இருக்கும் நடுத்தரக் குடும்பம் எங்களுடையது. இரு வீட்டாரிலும் குதிரையைத் தொட்டுப் பார்த்தவர்கூட எவருமில்லை. பழமொழிகளில் வரும் குதிரையை மட்டுமே நாங்கள் அறிவோம்.

எங்கள் மூத்த மகளுக்கு எட்டு வயதில் நேர்ந்த சாலை விபத்தில் வலது தொடை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆயினும் நடையில் ஒரு சாய்வு தங்கிவிட்டது. அதன்பின் அவள் ஓட மறுத்தாள். பள்ளி விளையாட்டு விழாக்களில் தோழியரின் பைகளுக்குக் காவலாக மர நிழலில் அமர்ந்திருப்பாள். "எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு" என்பாள். அது உண்மையன்று என்பதை நாங்கள் அறிவோம். நாங்கள் அறிவோம் என்பதை அவளும் அறிவாள்.

2024 ஆம் ஆண்டு மே மாதம் உதகைக்குச் சென்றிருந்தோம். ஏரிக்கரையில் குதிரைச் சவாரிக்கு அழைத்தார்கள். குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்து நடக்க, அவள் பத்து நிமிடம் சவாரி செய்தாள். இறங்கி வந்தவள் எங்கள் காதருகே மெல்லச் சொன்னாள்: "குதிரை மேல உட்கார்ந்தா என் கால் யாருக்கும் தெரியலேப்பா."

அன்றிரவு நாங்கள் இருவரும் உறங்கவில்லை.

கோவை திரும்பியதும் எலும்பு மருத்துவரிடம் கேட்டோம். அவர் சற்றுச் சிந்தித்தார். "பொருத்தமான தலைக்கவசம், பொறுமையான ஆசிரியர், அமைதியான குதிரை, இந்த மூன்றும் இருந்தால் நான் தடை சொல்லமாட்டேன்" என்றார். விசாரித்ததில், எங்கள் வசதிக்கு எட்டும் தொலைவில் இரண்டு பள்ளிகள் இருப்பது தெரியவந்தது. ஒரு சனிக்கிழமை இரண்டையும் பார்த்து வரப் புறப்பட்டோம்.

முதலாவது பள்ளி வீட்டிலிருந்து ஆறே கிலோமீட்டர். வளைவு வைத்த வாயில், பச்சைப் புல்வெளி, கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகம். சுவரெங்கும் வெற்றி வீரர்களின் படங்கள். 1982 ஆம் ஆண்டு தில்லி ஆசிய விளையாட்டில் குதிரையேற்றத்தில் இந்தியா தங்கம் வென்றதையும், அதன்பின் 41 ஆண்டுகள் காத்திருந்து 2023 இல் சீனத்தின் ஹாங்சோ நகரில் 'டிரஸாஜ்' குழுப் போட்டியில் மீண்டும் தங்கம் வென்றதையும் மேலாளர் அழகாக எடுத்துரைத்தார். "மூன்று மாதத்தில் தடை தாண்டுவாள், ஓராண்டில் பதக்கத்தோடு வருவாள்" என்றார். எங்கள் தலை எங்களை அறியாமலே ஆடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது பள்ளி 22 கிலோமீட்டர் தொலைவில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருந்தது. சவுக்குக் கழிகளால் வேலி, தகரக் கூரை போட்ட லாயம், ஐந்தே குதிரைகள். இராணுவத்தில் குதிரைகளோடு பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அதனை நடத்தினார். நாங்கள் சென்றபோது ஒரு குதிரையின் குளம்பைத் தூக்கிப் பிடித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். எங்களை உட்காரச் சொல்லவும் அங்கே நாற்காலி இல்லை.

"பாப்பாவுக்குத் தனுர்வாதத் தடுப்பூசி போட்டிருக்கிறதா?" இதுவே அவருடைய முதற்கேள்வி. சாணமும் மண்ணும் உள்ள இடத்தில் அந்நோயின் கிருமி இருக்கும் என்று விளக்கினார். பிறகு, "முதல் நான்கு வகுப்பில் ஏற வேண்டாம். தேய்த்துவிடட்டும், தீனி போடட்டும், கூட நடக்கட்டும். குதிரைக்கு அவளைத் தெரியவேண்டும்" என்றார். போட்டி, பதக்கம் பற்றிக் கேட்டோம். "அதெல்லாம் இரண்டு வருடம் கழித்துப் பேசலாம்" என்று கூறிவிட்டு அடுத்த குளம்பைத் தூக்கினார்.

வீடு திரும்பும் வழியில் எங்களுக்குள் கருத்து வேறுபட்டது. ஒருவருக்குப் பெரியவரைப் பிடித்திருந்தது. மற்றவரோ, "காசையும் கொடுத்துக் குதிரையையும் குளிப்பாட்ட வேண்டுமா?" என்று கேட்டார். தொலைவு அதிகம், சனிக்கிழமைதோறும் நாலரை மணிக்கு எழவேண்டும், கட்டணமோ ஏறத்தாழ ஒன்றுதான். இவையெல்லாம் நியாயமான காரணங்களே. ஆனால், உள்ளபடியே எங்களை இழுத்தது வேறொன்று. நொண்டிப் பிள்ளை என்று பேசிய உறவினர் முன்னே பதக்கத்தோடு அவளை நிறுத்தும் காட்சி எங்கள் கண்ணுக்குள் ஓடியது. மகளிடம் கேட்டோமா? கேட்டோம். "அந்தத் தாத்தா இடம்" என்றாள். கேட்டுவிட்டு, முதற்பள்ளியில் மூன்று மாதக் கட்டணத்தைக் கட்டினோம்.

மூன்றாவது வகுப்பு அன்று, குதிரையருகே சென்றவள் தயங்கித் திரும்பி வந்தாள். "அம்மா, அதுக்கு முதுகில புண் இருக்கு. சேணம் வைக்கிறப்போ காதைப் பின்னால மடக்குது. நான் ஏறலேம்மா" என்றாள். நாங்கள் எட்டிப் பார்த்தோம். லாயப் பையன் இன்னொரு துணியை மடித்துப் புண்ணின்மேல் போட்டுச் சேணத்தை ஏற்றிக்கொண்டிருந்தான். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "ஆசிரியருக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது? பணம் கட்டியிருக்கிறோம், ஏறு."

அவள் ஏறினாள். நடக்கும்வரை குதிரை பொறுத்தது. துள்ளு நடைக்கு விரட்டியதும், சேணம் புண்ணில் மோதியிருக்கவேண்டும். முதுகை வளைத்து ஒருமுறை உதறியது. எங்கள் மகள் மணலில் விழுந்தாள். இடது மணிக்கட்டில் மெல்லிய விரிசல். நான்கு வாரம் மாவுக்கட்டு. நல்ல வேளை, காலுக்கு ஒன்றும் நேரவில்லை. விழுந்த இடத்திலிருந்து அவள் அலறியது இன்றும் எங்கள் காதில் கேட்கிறது. அது கைவலிக்காக எழுந்த அலறலன்று. ஆசிரியர் குதிரையைச் சவுக்கால் அடித்துக்கொண்டிருந்தார். "அடிக்காதீங்க சார், அது ஒண்ணும் பண்ணல!" என்பதே அவள் கூக்குரல்.

'குதிரை குப்புறத் தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம்' என்று பழமொழி கூறும். எங்கள் கதையில் குதிரை குழி பறிக்கவில்லை. பறித்தவர்கள் நாங்கள்.

மாவுக்கட்டோடு இருந்த நாட்களில் அவள் எங்களைக் குறை கூறவில்லை. "அந்தப் புண் ஆறிடுச்சா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். போய் விசாரித்தோம். "ஓய்வு கொடுத்திருக்கிறோம்" என்றார்கள், பார்க்க அனுமதிக்கவில்லை. கண்டதை எல்லாம் எழுதி நிர்வாகத்திற்குக் கடிதம் கொடுத்தோம். பதிலில்லை. மீதிக் கட்டணமும் திரும்பவில்லை. அது எங்கள் கண்மூடித்தனத்திற்கு நாங்கள் செலுத்திய அபராதம் என்று விட்டுவிட்டோம்.

அந்நாட்களில்தான் குதிரையைப் பற்றிப் படிக்கலானோம். எத்தனை செய்திகளை அறியாமல் பிள்ளையை அனுப்பினோம்! குதிரை, வேட்டையாடப்படும் விலங்கினத்தைச் சேர்ந்தது. ஆகவே வலியை வெளியே காட்டாமல் மறைப்பது அதன் இயல்பு. நாயைப்போல் ஊளையிடாது. காதைப் பின்னே மடக்குவதும், மூக்குத் துளைகளை இறுக்குவதும், சேணத்தின் வாரை இறுக்கும்போது திரும்பிக் கடிக்க வருவதுமே அதன் மொழி. பக்கங்களில் அமைந்த கண்களால் ஏறத்தாழ சுற்றிலும் பார்க்கும். ஆயினும் நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் அதற்குத் தெரியாது. உடலைப் பார்க்கையில் அதன் இரைப்பை சிறியது. அதில் அமிலம் ஓயாது சுரக்கிறது. ஆதலால் நாள் முழுதும் சிறிது சிறிதாகப் புல்லோ வைக்கோலோ மென்றுகொண்டிருக்கவேண்டும். இருவேளை கொள்ளு வைத்தால் போதும் என்பது அறியாமை.

கட்டு அவிழ்த்த மறு சனிக்கிழமை, நாலரை மணிக்கு எழுந்து 22 கிலோமீட்டர் சென்றோம். அதே தகரக் கூரைதான். ஆனால் இம்முறை எங்கள் கண்கள் வேறு. தொட்டிகளில் பாசியில்லாத தண்ணீர் நிறைந்திருந்தது. ஒவ்வொரு குதிரையின் முன்பும் வைக்கோலும் பச்சைக் குதிரைமசாலும் கிடந்தன. முதுகுகள் வழவழப்பாக இருந்தன. கரும்பலகை ஒன்றில் ஒவ்வொரு குதிரையின் பெயருக்கும் எதிரே அன்றைய வகுப்புகள் எழுதப்பட்டிருந்தன; எந்தப் பெயருக்கும் இரண்டுக்குமேல் இல்லை. லாடக்காரர் வந்த தேதியும் இருந்தது. ஆறிலிருந்து எட்டு வாரத்திற்கு ஒருமுறை குளம்பைச் சீவவேண்டுமாம். பெரியவர் உள்ளே நுழைந்ததும் ஐந்து தலைகளும் அவர் பக்கம் திரும்பின, ஒன்றும் பின்வாங்கவில்லை. இவை யாவும் முதல் நாளும் அங்கே இருந்தவைதாம். நாங்கள்தாம் நாற்காலியைத் தேடிக்கொண்டிருந்தோம்.

நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம். பெரியவர் எங்களைக் கடியவில்லை. மகளிடம் மட்டும், "புண்ணைப் பார்த்தது நீதானே? அப்படியென்றால் பாதிப் பாடம் உனக்கு முன்னாலேயே வந்துவிட்டது" என்றார்.

முதல் வகுப்பில், ஒரு கிழப் பெண்குதிரையின் தாடைக்கு அடியில் அவள் விரலை வைத்து நாடி எண்ணச் சொன்னார். கடிகாரம் பார்த்து எண்ணினாள்: நிமிடத்திற்கு 38. பிறகு தன் நாடியை எண்ணினாள்: 104. "பார், அவள் பயப்படவில்லை; நீதான் பயப்படுகிறாய். அவள் பக்கத்தில் நில், உன்னுடையது இறங்கும்" என்றார். வகுப்பு முடிவில் மீண்டும் எண்ணியபோது அது 82 ஆகியிருந்தது. நான்கு வகுப்புக்குப் பிறகே ஏறினாள். அப்போதும் பெரியவர் நீண்ட கயிற்றின் ஒரு முனையைத் தம் கையில் வைத்துக்கொண்டு, குதிரையைத் தம்மைச் சுற்றி வட்டமாக நடக்கவிட்டார். தொடங்குவோர்க்கு இதுவே பாதுகாப்பான முறையாம்.

எங்களுள் எடை மிகுந்தவருக்கும் ஆசை பிறந்தது. பெரியவர் மேலும் கீழும் பார்த்தார். "குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றுவது நல்லதில்லை. இவள் 350 கிலோ. சேணத்தோடு சேர்த்து 70 கிலோவுக்குள் வந்தால் வாருங்கள்" என்றார். அந்த ஆசை அன்றே அடங்கியது. யாரென்று வாசகர்கள் கேட்கவேண்டாம்.

ஒருநாள் தன் வலது காலில் வலுவில்லை என்று மகள் கலங்கியபோது, டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டல் என்ற பெண்மணியின் வரலாற்றை அவர் கூறினார். 1944 இல் போலியோ நோய் தாக்கி, முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர் அவர். பிறர் உதவியின்றிக் குதிரை ஏறவும் இறங்கவும் அவரால் இயலாது. பெண்கள் முதன்முதலாக ஆண்களுக்கு நிகராக 'டிரஸாஜ்' போட்டியில் அனுமதிக்கப்பட்ட 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அவர் வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956 இல் மீண்டும் வென்றார். "கால் சொல்லாததை அவர் முதுகும் இடுப்பும் குதிரைக்குச் சொல்லின. வலுவால் நடத்துகிறவன் குதிரையை ஓட்டுவான், புரிந்து நடத்துகிறவனோடு குதிரை ஓடும்" என்றார் பெரியவர்.

ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. எங்கள் வீட்டில் பதக்கம் எதுவும் தொங்கவில்லை. மகளின் நடையில் சாய்வு அப்படியே இருக்கிறது. அந்தக் கிழக்குதிரையின்மேல் துள்ளு நடையில் வேலியைச் சுற்றிவருவாள். அவ்வளவே அவள் கற்றது. மழை பெய்தால் அங்கே வகுப்பில்லை. சேற்றை மிதித்துவிட்டு வெறுமனே திரும்புவோம். எல்லாவற்றிலும் குறையற்ற இடம் என்று அதனைப் புகழ நாங்கள் வரவில்லை. ஆனால், சென்ற விளையாட்டு விழாவில் பைகளைக் காக்க வேறொருத்தியை ஏற்பாடு செய்துவிட்டு, குண்டெறிதலுக்குத் தன் பெயரைக் கொடுத்தாள். கடைசி இடம் வந்தாள். சிரித்துக்கொண்டே வந்தாள்.

அன்புப் பெற்றோரே, உங்களுள் பெரும்பாலோர் குதிரைப் பள்ளி தேடப் போவதில்லை. ஆனால் கல்விக்கூடம் தேடுவீர்கள், விடுதி தேடுவீர்கள், முதிய தாய்தந்தையர்க்கு இல்லம் தேடுவீர்கள். அங்கே வாயிலையும் சுவரிலுள்ள படங்களையும் காட்டுவோர் பலர் இருப்பர். அவற்றையும் பாருங்கள். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். பின்பக்கமாகச் சென்று, அவ்விடத்தில் வாய்திறந்து முறையிட இயலாதவர் யார் என்று தேடுங்கள். கடைசி இருக்கையில் மெல்லக் கற்கும் பிள்ளை, பாத்திரம் துலக்கும் பெண், படுக்கையிலிருந்து எழ இயலாத முதியவர். அவர்கள் முதுகில் புண் இருக்கிறதா என்று பாருங்கள். அவர்களை நடத்துவது போலவே நாளை நம்மவரையும் நடத்துவார்கள்.

உங்கள் பிள்ளை உங்களுக்கு முன்னரே அதைப் பார்த்துவிட்டு, தயங்கி உங்களிடம் திரும்பி வந்தால், "ஏறு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.