தொட்டறியும் கூடம்

மயிலாப்பூரில் வாழும் முதியவர் ஒருவர், ஆறு வயதுப் பேரனை அழைத்துக்கொண்டு ஒரு விடுமுறை நாளில் கோட்டூர்புரத்திற்குப் புறப்பட்டார். ஆட்டோ அடையாற்றுப் பாலத்தைக் கடந்தபோதும் சிறுவன் வாய் திறக்கவில்லை.

ஒரு திங்களுக்கு முன்னர் அவன் பாட்டனாரின் மேசைக் கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்தான். பற்சக்கரங்கள் தரையெங்கும் சிதறின. சினம் மேலிட்ட முதியவர் அவன் புறங்கையில் ஓங்கி அடித்துவிட்டார். அன்று முதல் அவன் எப்பொருளையும் தொடுவதில்லை. புதியதொன்றைக் கண்டால் கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு நிற்பான். பிள்ளை அடங்கிவிட்டான் என்று வீட்டார் மகிழ்ந்தனர். முதியவருக்கோ அவ்வடக்கம் நெஞ்சை உறுத்திற்று.

அவர் இளமையிற் கண்ட காட்சிசாலை எழும்பூரில் உள்ளது; 1851ஆம் ஆண்டில் தோன்றியது. பழைய சென்னை மக்கள் அதனைச் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குக் காட்சிசாலையை 'உயிர்க் காலேஜ்' என்றும் வழங்கினர். எத்துணைப் பொருத்தமான பெயர்கள்! அங்கே கண்ணாடிப் பெட்டிக்கு அப்பால் நின்று காண்பதே முறை. சிறுவர்க்கென்றே ஓர் அருங்காட்சியகம் 1899இல் நியூயார்க்கு நகரின் புரூக்ளின் பகுதியில் தோன்றிற்று. பின்னர் 1969இல் பிராங்க் ஓப்பன்ஹைமர் என்னும் இயற்பியலறிஞர், காண்போர் தாமே இயக்கிப் பார்க்கும் கூடமொன்றைச் சான் பிரான்சிஸ்கோவில் நிறுவினார். அவர் சிலகாலம் பள்ளியாசிரியராய்ப் பணியாற்றியவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

கோட்டூர்புரத்துப் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும் அவ்வகையினதே. 1988இல் திறக்கப்பெற்ற பிர்லா கோளரங்கம் அவ்வளாகத்திலேதான் இருக்கிறது. பாட்டனும் பேரனும் உள்ளே நுழைந்தனர். பொத்தானை அழுத்துவாரும் சக்கரத்தைச் சுழற்றுவாருமாய்ப் பிள்ளைகள் ஆரவாரித்தனர். வளைந்த ஆடியில் தன் உருவம் பனைபோல் நீண்டதைக் கண்டு சிறுவன் நகைத்தான். ஆயினும் கைகள் பின்னேதான் இருந்தன.

வெளியே, பூங்காவில் கயிறு பிணித்த இருக்கைகள் தொங்கின. அமர்ந்தவர் கயிற்றை இழுத்துத் தம்மைத் தாமே உயர்த்திக்கொள்ளலாம். ஒன்றுக்கு ஒரு கப்பி. மற்றொன்றுக்குப் பல கப்பிகள்.

"ஒற்றைக் கப்பியில் ஏறு. நம் வீட்டுக் கிணற்றில் இருந்ததும் இதுதான்; எளிதாக இருக்கும்" என்றார் முதியவர்.

"தொடலாமா, தாத்தா?"

அவ்வினா அவரைச் சுட்டது. "தொடலாமப்பா" என்றார், குரல் சற்றே தழுதழுத்தது.

சிறுவன் மூச்சுப்பிடித்து இழுத்தான்; இருக்கை அசைந்ததேயன்றி எழவில்லை. அவன் இறங்கி, தானாகவே பல கப்பிகள் உள்ள இருக்கையில் அமர்ந்து இழுத்தான். இருக்கை மெல்ல மெல்ல மேலெழுந்தது!

"தாத்தா, இது கனக்கவே இல்லை! ஆனால் கயிற்றைத்தான் இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும்" என்று மேலிருந்து கூவினான்.

முதியவர் திகைத்தார். இழுக்கும் விசை குறைந்தால் இழுக்கவேண்டிய கயிற்றின் நீளம் மிகும் என்பது கப்பியின் இயல்பு. ஆண்டுக்கணக்காய்க் கிணற்றில் நீரிறைத்த அவர் அதனை எண்ணிப் பார்த்ததில்லை. தாம் சொன்னது பிழையென்று பேரனிடம் ஒப்புக்கொண்டார். கோளரங்கக் காட்சிக்கு நேரமாயிற்று என்று அவர் அழைத்தும் அவன் வர மறுத்து, மேலும் நான்கு முறை ஏறி இறங்கினான்.

அன்று மாலை முதியவர் பரண்மேல் இருந்த கடிகாரத்தையும் ஒரு திருப்புளியையும் எடுத்துக் கூடத்தில் வைத்தார். இருவரும் விளக்கடியில் குனிந்து அமர்ந்தனர். இரவு உணவுக்கு இருமுறை அழைத்தும் எழவில்லை. எல்லாவற்றையும் பூட்டி முடித்தபோது ஒரு திருகாணி மிஞ்சியிருந்தது, கடிகாரமும் ஓடவில்லை.

"நாளைக்கு மறுபடியும் பிரிப்போம், தாத்தா" என்றான் சிறுவன்.