நெருப்பில் ஓடும் குளிர்ப்பெட்டி

நம் வீடுகளில் ஃப்ரிட்ஜ் பெண்ணின் பொருள். எதை எங்கே வைப்பது, எது கெட்டுவிட்டது, ஞாயிற்றுக்கிழமை அரைத்த மாவு வியாழன்வரை வருமா என்பதெல்லாம் அவள் கணக்கு. ஆனால் கடையில் விலை பேசுகிறவர், பழுதானால் மெக்கானிக்கிடம் நின்று விவரம் கேட்கிறவர் பெரும்பாலும் ஆண். கதவுக்கு உள்ளே இருப்பது அவள் பொறுப்பு, முதுகுப்புறத்தில் இருப்பது அவன் அறிவு. 20 வருடமாகத் திறந்து மூடும் பெட்டிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதுமில்லை.

அந்த முதுகுப்புறத்தை எனக்குக் காட்டியவர் அக்கா. யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1990களில் லண்டன் போய், மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கருத்தரங்கு ஒன்றுக்காக ஒரு ஜூன் மாதம் லண்டன் போயிருந்த என்னைத் தன் மோட்டார்ஹோமில் ஏற்றிக்கொண்டு பத்து நாள் ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரைக்குப் போனார். படுக்கை, அடுப்பு, கழிப்பறை, ஃப்ரிட்ஜ் எல்லாம் ஒரே வண்டிக்குள். ஓட்டுவது, சமைப்பது, வண்டியைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவரே.

பெரிய முகாம்களில் ஒவ்வொரு வண்டி நிற்கும் இடத்திலும் ஒரு மின்கம்பம் இருக்கும். கேபிளைச் செருகினால் 230 வோல்ட் வந்துவிடும்; வீடு மாதிரிதான். அக்கா அங்கே போகமாட்டார். "கம்பத்தடியில நிண்டா லண்டனில நிண்ட மாதிரித்தானே பிள்ளை" என்பார். 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் ஸ்காட்லாந்தில் யாரும் நடந்துபோய்க் கூடாரம் அடிக்கும் உரிமையைத் தருகிறது. மோட்டார் வண்டிக்கு அந்த உரிமை இல்லை. அதனால் விவசாயிகளிடம் சில பவுண்டுகள் கொடுத்து அவர்கள் புல்வெளியில் நிறுத்துவோம். ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கும். மின்சாரம் இருக்காது.

அந்த ஃப்ரிட்ஜில் பால், மீன், தயிரோடு அக்காவின் இன்சுலினும் இருந்தது. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறைந்துபோனாலும் அது பயன்படாது. ஆகவே மின்சாரமில்லாத வெளியில் ஃப்ரிட்ஜ் எப்படி ஓடும் என்பது அவருக்கு உயிர்ப் பிரச்சினை.

அவர் வண்டியில் இருந்தது மூன்று வழியில் ஓடும் ஃப்ரிட்ஜ். கம்பத்தின் 230 வோல்ட், வண்டியின் 12 வோல்ட், சிலிண்டர் எரிவாயு. 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய 14 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி கொண்ட ஈய பேட்டரியில், பேட்டரி கெடாமல் இருக்கப் பாதியைத்தான் எடுக்கலாம். நான்கு மணி நேரம்கூடத் தாங்காது. அதனால் எஞ்சின் ஓடும்போது மட்டுமே 12 வோல்ட். வண்டி நின்றுவிட்டால் நெருப்பு.

நெருப்பு எப்படிக் குளிரவைக்கும்? வெளிச்சுவரில் இருந்த தட்டியைக் கழற்றி அக்கா காட்டினார். அடியில் விரல் உயரத்துக்கு ஒரு நீலச் சுடர். அதன் சூட்டில் தண்ணீரில் கரைந்திருக்கும் அம்மோனியா ஆவியாகப் பிரிந்து மேலே போகிறது. அங்கே வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது. பிறகு ஹைட்ரஜன் நிரம்பிய குழாய்க்குள் இறங்கி மறுபடி ஆவியாகிறது. அப்படி ஆவியாக வேண்டிய வெப்பத்தைப் பெட்டிக்குள்ளிருக்கும் பாலிடமிருந்தும் மீனிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு அடிக்கு வந்து சேர்கிறது. சுழலும் பாகம் எதுவும் இல்லை. அதனால் ஓசையும் இல்லை. எல்லாம் புவியீர்ப்பில் ஓடுவதால் வண்டி சாய்ந்து நின்றால் ஓட்டம் தடைபடும். அக்கா ஒவ்வொரு மாலையும் கொத்தனார் வைத்திருப்பது போன்ற ரசமட்டத்தை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துப் பார்த்து, சக்கரத்துக்கு அடியில் ஆப்பு கொடுத்து வண்டியை மட்டமாக்குவார்.

இந்த ஓசையில்லாத பெட்டியைப் பற்றி நான் ஊருக்குத் திரும்பிய பிறகு தேடிப் படித்தேன். 1922இல் ஸ்டாக்ஹோமில் பால்ட்சார் ஃபோன் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரு பொறியியல் மாணவர்கள் உருவாக்கியது. எலக்ட்ரோலக்ஸ் அதை வாங்கியது. அமெரிக்காவில் சர்வெல் நிறுவனம் விற்றது. வீட்டு உழைப்பின் வரலாற்றை எழுதிய ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளிவந்த 'மோர் வொர்க் ஃபார் மதர்' நூலில் இதைப் பேசுகிறார். எரிவாயு ஃப்ரிட்ஜ் தோற்றது அது மோசமானது என்பதால் அல்ல என்பது அவர் வாதம். ஜெனரல் எலெக்ட்ரிக் போன்ற பெரிய நிறுவனங்களிடம் ஆராய்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் பணம் இருந்தது. 24 மணி நேரமும் மின்சாரம் தின்னும் ஒரு பொருள் ஒவ்வொரு சமையலறைக்கும் போவது மின் நிறுவனங்களுக்கும் லாபம். பெண்கள் நாள் முழுதும் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த உறுமலை முடிவுசெய்த அறைகளில் சமைக்கிற பெண்கள் இல்லை. தோற்ற பெட்டி மின்கம்பி போகாத இடங்களில் ஒதுங்கியது. படகுகளில், கேரவன்களில், மண்ணெண்ணெயில் ஓடித் தடுப்பூசி காத்த கிராமத்துச் சுகாதார நிலையங்களில்.

அத்தான் இருந்தவரை வண்டியின் வெளிப்பக்கம் அவருடையது. அவர் வண்டியை மட்டமாக்கி, சிலிண்டரைத் திறந்து, ஃப்ரிட்ஜைப் பற்றவைப்பார். அக்கா உள்ளே சமைப்பார். அவர் இறந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்ன ஒரே யோசனை, வண்டியை விற்றுவிடு. சர்வீஸுக்குக் கொண்டுபோன இடத்தில் மகனைக் கூட்டிவந்தால் விளக்கிச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆக்ஸிஜன் குழாய்களையும் மருந்து செலுத்தும் பம்புகளையும் இரவு இரவாகப் பார்த்துக்கொண்டவரிடம் இப்படி!

அக்கா கையேட்டை எடுத்து உட்கார்ந்து படித்தார். பிறகு தன் தமிழில் ஒரு தாள் எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினார். இன்னும் அது அங்கே இருக்கிறது:

"வண்டி மட்டமோ பார். சிலிண்டரைத் திற. குமிழை அமத்திப் பிடி. கிளிக் சத்தம் வரும். நீலம் பத்தினாப் பிறகும் 20 எண்ணு. விடு. பெற்றோல் அடிக்கப் போக முன்னம் கட்டாயம் நிப்பாட்டு."

கலைச்சொல்லாக்கம் பற்றி வகுப்பில் பாடம் நடத்துகிறவள் நான். குழுக்கள் கூடிச் சொற்களை உருவாக்கும் வரலாறு எனக்குத் தெரியும். ஒரு பெண் தன் கைக்கும் கண்ணுக்கும் ஏற்றபடி எழுதிக்கொண்ட ஆறு வரித் தொழில்நுட்பத் தமிழை அங்கேதான் பார்த்தேன். அந்த 20 எண்ணுவதற்கும் காரணம் உண்டு. சுடரின் சூட்டை உணரும் ஒரு முனை சூடேறினால்தான் வாயு வழி திறந்தே இருக்கும். காற்றில் சுடர் அணைந்தால் முனை ஆறி, வாயு தானாக நின்றுவிடும். அதற்காகவே அக்கா கடற்காற்று தட்டியில் நேராக அடிக்காதபடி வண்டியைத் திருப்பி நிறுத்துவார். தட்டியை எதைக் கொண்டும் அடைக்கமாட்டார். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியை வாரம் ஒருமுறை அழுத்திச் சோதிப்பார்.

மற்றவை சமையலறை அறிவு. புறப்படும் முதல் நாளே வீட்டு மின்சாரத்தில் ஃப்ரிட்ஜைக் குளிரவைத்துவிட வேண்டும். சூடான குழம்பை உள்ளே வைக்கக் கூடாது. காலி இடம் இருந்தால் உறைந்த தண்ணீர்ப் போத்தலால் நிரப்ப வேண்டும். இன்சுலினைப் பின்பக்கக் குளிர்த்தகட்டை ஒட்டி வைக்காமல் நடுத்தட்டில், டப்பாவுக்குள், வெப்பமானியோடு வைக்க வேண்டும். நாளைக்குச் சுமார் 300 கிராம் வாயு. 6 கிலோ சிலிண்டர் ஃப்ரிட்ஜுக்கு மட்டும் என்றால் 20 நாள். குளிர்காலமென்றால் சிவப்புச் சிலிண்டரின் புரோபேன்தான். நீலச் சிலிண்டரின் பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை நெருங்கும்போதே வாயுவாக மறுத்துவிடும்.

"உங்களுக்குப் பயமாக இல்லையா அக்கா?" என்று ஓர் இரவு கேட்டேன். பத்து மணி தாண்டியும் வெளிச்சம் போகவில்லை.

"கரண்ட் இல்லாம இருக்கிறது எங்களுக்குப் புதுசே பிள்ளை?"

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கணக்கில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பேட்டரிகூட வராது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். அக்காவின் அம்மாவும் நீரிழிவு நோயாளி. கிடைத்த இன்சுலின் குப்பியைச் சிறு பானைக்குள் வைத்து, அதைப் பெரிய பானைக்குள் இறக்கி, இடையில் மணல் போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியவர் அக்கா. மணலின் ஈரம் ஆவியாகும்போது உள்பானையின் வெப்பத்தை எடுத்துப்போகும். அம்மோனியா செய்வதும் அதே வேலைதான் என்று கையேட்டைப் படித்தபோது சிரித்தாராம். அந்தப் பானையை யாரும் தொழில்நுட்பம் என்று சொல்லவில்லை. மகள் செய்யும் பணிவிடை என்றுதான் சொன்னார்கள்.

மின்சாரம் சுவரிலிருந்து வரும்வரை அதைப் பராமரிக்கும் வேலை நம் கண்ணில் படுவதில்லை. கம்பம் இல்லாத புல்வெளியில், பால் ஏன் திரியாமல் இருக்கிறது என்பதற்கு ஒவ்வொரு நாளும் யாரோ குனிந்து சுடரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. வீட்டிலும் அப்படி ஒருத்தி குனிந்துகொண்டேதான் இருக்கிறாள். அவள் கணக்கை யாரும் ஆம்பியரில் எழுதவில்லை.

ஃப்ரிட்ஜ் பழசாகிவிட்டதால் இப்போது அக்கா ஒரு முடிவெடுக்க வேண்டும். கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் என்றால் வாயு வேண்டாம், மட்டம் பார்க்கும் வேலை குறையும். நாளுக்குச் சுமார் 40 ஆம்பியர்-மணி கேட்கும். 100 வாட் சூரியத் தகடு தெளிந்த ஜூன் நாளில் 25 முதல் 30 வரை தரும். டிசம்பரில் அநேகமாக ஒன்றும் தராது. அப்படியானால் இரண்டு தகடு, ஒரு லித்தியம் பேட்டரி, அதற்கான செலவு. போன வாரம் தொலைபேசியில் இந்தக் கணக்கை எனக்கு ஒப்பித்தார். நான் இந்தப் பக்கம் ஒரு தாளில் எழுதிக்கொண்டே கேட்டேன். அவர் மகன் வேறு யோசனை சொல்கிறானாம். "அவன் சொல்லுறதையும் கேப்பம்" என்றார் அக்கா. "வாங்கப்போறது நான்தானே."