இடுப்புக் குழிவில் நுழையும் குளிர்

அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்கு ஸ்கூபா கற்க வருகிறவர்கள், "இந்தக் கடல் வெதுவெதுன்னுதானே இருக்கு, வெட்சூட் எதுக்கு?" என்று கேட்பார்கள். மேலே தண்ணீர் 28, 29 டிகிரிதான். ஆனால் நம் உடம்பு 37 டிகிரி. காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகத்தில் தண்ணீர் வெப்பத்தைக் கடத்திவிடும். முதல் டைவில் ஒன்றும் தெரியாது. அன்றைக்கே மூன்றாவது முறை இறங்கும்போது பல் தந்தியடிக்கத் தொடங்கும். குளிரில் நடுங்குகிறவர் சிலிண்டர் காற்றையும் சீக்கிரம் தீர்த்துவிடுவார்.

வெட்சூட் என்ற அந்த ரப்பர் உடையை வாங்கும்போது எல்லோரும் தடிமனைத்தான் விசாரிப்பார்கள், 3 மி.மீ.யா 5 மி.மீ.யா என்று. என் கை முதலில் போவது முதுகின் அடியில், இடுப்புக் குழிவுக்கு. ஜிப்பை ஏற்றியபின், போட்டுப் பார்ப்பவரை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, அந்த இடத்தை இரண்டு விரலால் கிள்ளி இழுப்பேன். தாராளமாகக் கையோடு வந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது. கடலில் அந்த இடைவெளியில் தண்ணீர் தேங்கும். ஒவ்வொரு முறை உடம்பை அசைக்கும்போதும், உடம்பு பாடுபட்டுச் சூடாக்கிய அந்தத் தண்ணீர் கழுத்து வழியாக வெளியேற, பச்சைத் தண்ணீர் உள்ளே புகும். அப்படித் தொளதொளக்கும் 5 மி.மீ.யைவிட உடம்போடு ஒட்டிய 3 மி.மீ. எவ்வளவோ மேல்.

உள்ளே நிற்கும் தண்ணீர்தான் கதகதப்பு தருகிறது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் காப்பது, நியோப்ரீன் ரப்பருக்குள் அடைபட்ட வாயுக் குமிழிகள். உடம்பு நனைந்தாலும் பரவாயில்லை, குமிழிகள் காத்துக்கொள்ளும் என்று 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் கண்டுகொண்டவர் இயற்பியலாளர் ஹியூ பிராட்னர். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகும், 30 மீட்டரில் நான்கு மடங்காகும். குமிழிகள் நசுங்கி வெட்சூட் மெலியும். பல காலம் நசுங்கிய பழைய வெட்சூட் கரையேறிய பிறகும் தடிமனுக்குத் திரும்பாது. விரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் எழும்பாமல் கிடந்தால், லேபிளில் 5 என்று போட்டிருந்தாலும் அதை நம்பாதீர்கள்.

அளவு அட்டவணைகள் நம் உடல்வாகுக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. வயிற்றுக்குச் சரியாக எடுத்தால் கை, கால் நீண்டுவிடும். கணுக்காலில் சுருக்கம் விழுந்தால் விட்டுவிடலாம். அக்குளிலும் கவட்டிலும் இடைவெளி கூடாது. ஆனால் அவசரமாக மாட்டினாலும் அங்கே இடைவெளி விழும். காலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். பிறகு நகம் படாமல், கணுக்காலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலேற்றி, கவட்டில் சரியாக உட்கார்ந்த பிறகே கையை நுழைக்க வேண்டும்.

கரையில் இறுக்கமாகத் தெரிவது இயல்பு, நீரில் சற்று இளகும். ஆனால் கழுத்து விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. வெட்சூட்டின் கழுத்துப் பட்டை கழுத்து நாளங்களை அழுத்தினால் நாடித் துடிப்பு குறைந்து மயக்கம்கூட வரலாம். போட்டபடியே கடைக்குள் சிறிது நேரம் நடந்து, மூச்சை முழுதாக இழுத்துப் பாருங்கள். தலை லேசாகக் கிறுகிறுத்தாலும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி, கழற்றிக் கொடுத்துவிட்டு வேறு கேளுங்கள்.