தொட்டி மணல் கல்லான கதை



"சார், வீட்டில் கடல் மீன் தொட்டி வைத்திருக்கிறீர்களாமே" என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நன்றாக வளர்த்த கதையைவிட நான் கெடுத்த கதைதான் உங்களுக்குப் பயன்படும். அதையே எழுதுகிறேன்.

தொட்டி என் மகன் வைத்தது. 200 லிட்டர் உப்புநீர், அடியில் மூன்று அங்குலத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு மணல், இரண்டு க்ளவுன் மீன்கள். அவன் வேலைக்காக பிரான்சுக்குப் போனபோது, என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, நெல்லித்தோப்பு வீட்டுச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனான். அதில் ஒரு வரி: தினமும் ஒரு டம்ளர் 'கால்க்வாசர்'. கலக்குவதற்கான பொடியும் டப்பாவில் இருந்தது. ஏதோ வெளிநாட்டு மருந்து என்று நினைத்து, தினமும் காலையில் கைக்கு எட்டிய மூலையில் மடமடவென்று ஊற்றினேன். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டு டம்ளர்.

நாலு மாதம் கழித்துக் கண்ணாடியைத் துடைக்கும்போது அந்த மூலையில் விரல் பட்டது. மணல் நகரவில்லை. சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடந்தது. எனக்குப் பதற்றம். மகன் கேட்பதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று தோசைத் திருப்பியால் ஒரே மூச்சில் பெயர்த்து எடுத்தேன். அடியில் மணல் கறுத்திருந்தது. அழுகிய முட்டை நாற்றம். மறுநாள் காலை ஒரு மீன் செத்து மிதந்தது.

என்னிடம் படித்த ஒரு தம்பி இப்போது மீன் தொட்டி வியாபாரம் செய்கிறான். கூப்பிட்டேன், உடனே வந்தான். டப்பாவைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"சார், இது வெறும் சுண்ணாம்புத் தெளிநீர். பத்தாவதுல குழாய் வச்சு ஊதச் சொன்னீங்களே, பால் மாதிரி ஆச்சே, அதேதான்."

முப்பத்தோரு வருடம் வேதியியல் நடத்தியவன் நான்! ஜெர்மன் பெயரில் வந்ததும் அடையாளம் தெரியாமல் போயிற்று.

"உங்க தொட்டியில பவளம் எங்க சார்?"

"பவளம் வைக்கக் கூடாதேப்பா. 2001லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்த்துட்டாங்களே."

"அப்ப இவ்வளவு சுண்ணாம்பையும் யார் சாப்பிடுறது?"

விஷயம் அவ்வளவுதான். வெளிநாட்டில் பவளம் வளர்ப்பவர்களுக்கான செய்முறையை மகன் அப்படியே எழுதி வைத்துவிட்டான். பவளம் இருந்தால் அந்தக் கால்சியத்தை எடுத்துத் தன் உடலைக் கட்டிக்கொள்ளும். இங்கே எடுக்க ஆளில்லை. சுண்ணாம்பு நீர் ஒரே இடத்தில் விழும்போது அங்கே காரத்தன்மை சட்டென்று ஏறும். கடல் நீரில் உள்ள பைகார்பனேட் கார்பனேட்டாக மாறி, கால்சியத்தோடு சேர்ந்து, மணலுக்கு இடையில் பசை போல இறுகிவிடும். வெந்நீர்ப் பானை அடியில் படியும் வெள்ளைப் பொருக்கும் இதே பொருள்தான். ராமேஸ்வரம், மண்டபம் கரையில் மணலும் சிப்பியும் ஒட்டிப் பாறையாகக் கிடக்கும் அல்லவா, அதற்கும் பசை இதே கால்சியம் கார்பனேட்தான்.

அந்தத் தம்பி சொன்னதும் நான் பிறகு படித்ததும் இவை. பவளம் இல்லாத தொட்டிக்கு வாரம் கொஞ்சம் உப்புநீர் மாற்றுவதே போதும், சுண்ணாம்பு தேவையில்லை. அளந்து பார்க்காமல் எதையும் ஊற்றக் கூடாது. இயற்கைக் கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியமும் 1300 மில்லிகிராம் மக்னீசியமும் உண்டு. மக்னீசியம் குறைந்தால் சுண்ணாம்பு சீக்கிரம் படியும். ஊற்றியே ஆக வேண்டும் என்றால் இரவில், நீரோட்டம் உள்ள இடத்தில், சொட்டுச் சொட்டாக. மணலுக்குள் புகுந்து நகரும் சின்னச் சங்கு நத்தைகள் இருந்தால் அவையே கிளறிவிடும். இறுகிய மணலை என்னைப் போல ஒரே நாளில் பெயர்க்காதீர்கள். அடியில் தேங்கிய ஹைட்ரஜன் சல்பைடு வெளியேறி மீனைக் கொன்றுவிடும். வாரத்துக்கு ஒரு சிறு பகுதி போதும்.

மீன் செத்ததை மகனிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆயிற்று. "நான்தாம்பா தப்பா எழுதி வச்சிட்டேன்" என்றான். பிறகு, "அம்மா எப்படி இருக்காங்க?" என்றான். அவள் இன்னும் மூன்று பேருக்குத்தான் உலை வைக்கிறாள் என்று சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இப்போது ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு வீடியோ அழைப்பு. அவனுக்கு அங்கே காலை காபி நேரம். நான் மூங்கில் குச்சியால் தொட்டியின் ஒரு கால் பங்கு மணலை மெதுவாகக் கிளறுவேன். "அந்தப் பக்கம் விட்டுட்டீங்கப்பா" என்று அங்கிருந்து சொல்வான். அதற்கு முன்பெல்லாம் அவசரம் என்றால்தான் பேசுவோம், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இப்போது மணல் கிளறி முடித்த பிறகும் பேச்சு ஓடுகிறது.

நெல்லித்தோப்புப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். மிச்சமிருக்கும் அந்த ஒற்றை மீனைக் காட்டுகிறேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும், சாதம் எப்போதும் கூடுதலாகவே இருக்கும்.

அன்புடன்,
உங்கள் சார்