அவருக்கு வேடம் இல்லை

ஒரு திருநங்கையின் வாழ்க்கையை எடுத்து நாடகம் எழுதினேன். அதில் நடிக்க அவருக்கு இடம் கொடுக்கவில்லை. வேண்டாம் என்று அவர் சொன்ன காட்சியை மேடை ஏற்றினேன். அவருடைய வேலையும் வாடகை வீடும் போயின. நடந்தது 2019-இல், ஓசூரில்.

அப்போது நான் சிப்காட்டில் லேத் ஆபரேட்டர். ஷிப்ட் முடிந்த பிறகு தொழிலாளர் நாடகக் குழு ஒன்றுக்கு எழுதி இயக்கி வந்தேன். 2018 செப்டம்பரில் தன்பாலுறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் குழுவில் ஒரு கூட்டம் போட்டோம். நான்தான் பேச்சாளன். அமெரிக்க மேடைகளில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களாக ஆடியதைச் சொன்னேன். 1927-இல் ‘தி ஜாஸ் சிங்கர்’ படத்தில் ஆல் ஜோல்சன் வந்த கோலத்தையும், 1965-இல் ஒத்தெல்லோ வேடத்துக்காக லாரன்ஸ் ஒலிவியர் உடம்பெல்லாம் கறுப்புச் சாயம் ஏற்றிக்கொண்டதையும் சொல்லிக் கொதித்தேன். நம் பக்கம் வந்து, ‘ஐ’ படத்தில் ஒரு திருநங்கையைக் கேலிப் பொருளாக்கியதையும் விடவில்லை. நல்ல கைதட்டல். அந்தப் பேச்சை நம்பித்தான் அவர் என்னிடம் வந்தார்.

பேக்கிங் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. மத்திகிரிப் பக்கம் ஒற்றை அறை வாடகை. உடன் வேலை செய்பவர்களுக்கு அவரைத் தெரியும், ஏற்றுக்கொண்டிருந்தார்கள். பெற்றவர்களுக்கு மட்டும் அவர் எங்கே இருக்கிறார் என்பதே தெரியாது. சின்ன வயதில் ஊர்ப் பாரதக் கூத்தில் தோழி வேடம் கட்டியவர். நடிக்க ஆசைப்பட்டார்.

அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். தளிப் பக்கத்துக் கிராமம். பட்டுப்புழு வளர்க்கிற குடும்பம். ஒருநாள் ராத்திரி புழு மனையில், மல்பெரி நறுக்குகிற கத்தியால் அப்பா அவர் முடியை அறுத்திருக்கிறார். அறுத்த முடி தட்டில் விழுந்திருக்கிறது. புழு செத்துவிடும் என்று அம்மா ஓடி வந்து அந்த முடியைத்தான் முதலில் பொறுக்கியிருக்கிறார். இதைச் சொல்லிவிட்டு, “இத மட்டும் போட்டுராதீங்கண்ணா” என்றார். “வேடம் கட்டுனா என்னை யாருக்கும் அடையாளம் தெரியாது. ஊர விட்டு வரும்போது மீச வச்ச பையன். அந்தக் காட்சிதான் காட்டிக் கொடுத்துரும்.”

சரிம்மா என்றேன். அதை எடுத்துவிட்டால் நாடகத்தில் என்ன மிஞ்சும் என்று அந்த நிமிடமே யோசித்தேன். எடுக்கவில்லை.

ஒத்திகை ஒரு டீக்கடை மாடியில் நடந்தது. “அந்த வேடத்த நானே கட்டட்டுமாண்ணா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தயாராக இருந்தது. கூத்தில் திரௌபதி வேடம் ஆண்தானே கட்டுகிறான்? பெங்களூருக் கரகத்தில் சேலையும் வளையலுமாகக் கரகம் சுமக்கும் பூசாரி ஆண்தானே? இதோ, இந்த வருஷம்தான் ‘சூப்பர் டீலக்ஸ்’ வந்தது, விஜய் சேதுபதி நடிக்கவில்லையா? “நடிப்புன்னா அதுதாம்மா.” சொன்ன தகவல் எதுவும் பொய்யில்லை. அவற்றைச் சொன்ன காரணம்தான் பொய். அதே படத்தைப் பற்றித் திருநங்கைகள் பலர் மனம் கசந்து பேசியதும் எனக்குத் தெரியும். லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’ என் அலமாரியில் இருந்தது. அவரும் நண்பர்களும் 2014-இல் சென்னையில் ‘பன்மை’ என்ற நாடகக் குழுவைத் தொடங்கித் தங்கள் கதையைத் தாங்களே நடித்ததும் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல வழியில்லை.

நான் பயந்தேன். சங்கத்துப் பெரியவர்கள் குடும்பத்தோடு வருவார்கள். அவர் மேடை ஏறினால் சிரிப்பார்களோ, எழுந்து போவார்களோ என்று பயம். அவரோடு உனக்கென்ன பழக்கம் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம் அதைவிடப் பெரியது.

வேடத்தை ஒரு பையனுக்குக் கொடுத்தேன். பிறகு அவரையே கூப்பிட்டு, கைதட்டுவது எப்படி என்று அந்தப் பையனுக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னேன். விரலை விரித்து, உள்ளங்கையோடு உள்ளங்கை குறுக்காக மோத வேண்டும். பையனுக்குச் சத்தம் சரியாக வரவில்லை. திரும்பத் திரும்பத் தட்டிக் காட்டினார். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கரி பூசியதைப் பற்றி மேடையில் கொதித்தவன், அரங்கேற்றத்தன்று அந்தப் பையனின் தாடி நிழல் தெரியாதபடி நானே பவுண்டேஷன் அப்பிவிட்டேன்.

ஆயுத பூஜையை ஒட்டி நாடகம் நடந்தது. புழு மனைக் காட்சியில் அரங்கம் அழுதது. அவர் கடைசி வரிசையில் இருந்தார். காட்சி முடிவதற்குள் எழுந்து போய்விட்டார். பார்த்தும் நான் பின்னால் போகவில்லை. பாராட்டுக்காக மேடைப் பக்கமே நின்றேன்.

ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “நெஜமா நடந்ததா சார்?” என்று கேட்டார். “நூத்துக்கு நூறு. இங்கதான் சிப்காட்ல, பேக்கிங்ல இருக்காங்க” என்றேன். கம்பெனி பேரையும் சொன்னேன். வந்தவர் எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. கர்வம் வாயைத் திறந்துவிட்டது.

சில நாளில் அவருடைய அண்ணன் ஆட்களோடு கம்பெனி கேட்டுக்கு வந்தான். அடி விழுந்தது. கேட்டில் கலாட்டா கூடாது என்று கான்ட்ராக்டர் அவரை நிறுத்திவிட்டார். அன்று ராத்திரியே வீட்டுக்காரரும் காலி செய்யச் சொல்லியிருக்கிறார். எனக்குப் போன் வந்தது. அவர் பெயரைத் திரையில் பார்த்தேன். என்ன நடந்திருக்கிறது என்று அதற்குள் எனக்குத் தெரியும். ஓய்ந்து போகும்வரை போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுபடி வந்தது. அப்போதும் எடுக்கவில்லை. காலையில் கூப்பிட்டபோது அணைத்து வைத்திருந்தார்.

அதன் பிறகும், தேதி கொடுத்தாகிவிட்டது என்று, அதே நாடகத்தைக் கிருஷ்ணகிரியில் போட்டேன். அந்தக் காட்சியோடுதான். பையனுக்குச் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது. பரிசுப் பணத்தில் குழுவுக்கு விளக்குகள் வாங்கினோம். அவருக்கு ஒரு ரூபாய் போகவில்லை.

அத்திப்பள்ளி தாண்டிப் போய்விட்டார், பெங்களூரில் இருக்கிறார் என்று உடன் வேலை செய்தவர்கள் சொன்னார்கள். பஸ் ஏறினால் நாற்பது கிலோமீட்டர். நான் போகவில்லை. வேலை இருந்தது, கொரோனா வந்தது என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இதை எழுதவும் நான் அவரிடம் கேட்கவில்லை. அதனால் மேலே உள்ள கிராமம், பட்டுப்புழு, கத்தி எதுவும் அவருடையதல்ல. அவர் வீட்டில் நடந்தது வேறு. அதை மட்டும் சொல்லமாட்டேன்.